மடிக்குக் கணக்கில்லை

பந்தலூர்
9.6.2024

விஜயனுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். எனக்கு இப்போது அந்தக் கேள்வி வரவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். குன்னூர் ஸ்டாண்டில் உன் வண்டி நிற்கிறது, சீசனுக்கும் ஓடியது என்று அந்தப் பக்கம் போய் வந்தவர்கள் சொன்னார்கள்.

போன் எதற்கு இருக்கிறது என்று நினைப்பாய். உன் நம்பரை உன் மச்சான் என் போனிலிருந்து அழித்துவிட்டார். அழிக்காவிட்டாலும் நான் கூப்பிட்டிருக்க மாட்டேன். பேச்சில் உன்னை ஜெயிக்க நம் வீட்டில் ஒருவராலும் முடிந்ததில்லை. நான் ஒன்று கேட்பேன், நீ ஒன்பது சொல்வாய், கடைசியில் நான் அழுதுகொண்டே 'சரிடா' என்று வைத்துவிடுவேன். எழுத்தில் அப்படி நழுவ முடியாது. அதனால் எழுதுகிறேன், நீயும் எழுது. வீட்டுக்கு வேண்டாம், எஸ்டேட் பிள்ளைமடுவத்து விலாசத்துக்குப் போடு. தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் விட்டுப்போகும் பிள்ளைகளை இன்னும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எத்தனை நாளைக்கோ தெரியவில்லை.

நடந்ததை உனக்கே எழுதுவது வேடிக்கைதான். ஆனாலும் ஒருமுறை வரிசையாகப் படித்துப் பார். ஜனவரி கடைசியில் கோத்தகிரியில் சித்தி மகள் கல்யாணம் முடிந்து உன் வண்டியில் ஊருக்குத் திரும்பினோம். மச்சானுக்கு ஃபாக்டரியில் லீவு கிடைக்கவில்லை, அவர் வரவில்லை. பைக்காரா தாண்டிய இறக்கத்தில் காட்டெருமை குறுக்கே வந்தது. நீ வளைத்து ஓரத்து மண்மேட்டில் முட்டினாய். மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. நடு வரிசையில் என் மடியில் இருந்த இந்து மட்டும், முன்னால் இருக்கும் இரண்டு சீட்டுக்கும் இடையே பறந்துபோய் மோதினாள். நாலு வயசுப் பிள்ளை. இதுவரைக்கும் உண்மை.

இனி நீ சொன்னது. ஊட்டி ஆஸ்பத்திரி வாசலில் போலீஸ்காரரிடம் ஒருமுறை, ஓடிவந்த மச்சானிடம் ஒருமுறை: "புள்ளைய தனியா உக்கார வச்சு பெல்ட்டு போடுன்னு அக்காகிட்ட சொன்னேன். அவதான் கேக்காம மடியில வச்சுக்கிட்டா."

நான் அப்போது ஆபரேஷன் தியேட்டர் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ சொன்னது காதில் விழுந்தது. மறுத்துப் பேசவில்லை. பிள்ளை பிழைத்தால் போதும் என்று இருந்தது. தம்பி சோற்றில் மண் விழ வேண்டாம் என்றும் இருந்தது. அந்த வாயை அன்று மூடியதற்கு இன்றுவரை அனுபவிக்கிறேன்.

இந்துவுக்கு இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. ஆள் தெரியவில்லை. இனிமேலும் தெரியாமல் போகலாம் என்று கோயமுத்தூர் டாக்டர் சொல்கிறார். அதைவிடப் பெரிய கொடுமை எதுவும் இருக்க முடியாது என்று நினைத்தேன். இருக்கிறது. பிள்ளையை என்னிடம் கொடுப்பதில்லை. சோறு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் என் மாமியார்தான். "ரெண்டு கையி இருந்தும் புள்ளைய விட்டவ" என்று தெய்வம்மா மாமி என் முகத்துக்கு நேராகவே சொல்கிறார். மச்சான் எதுவும் சொல்வதில்லை. சொன்னால் பதில் சொல்லலாம்.

போன வாரம் சுசீலா தன் கைக்குழந்தையைப் பிள்ளைமடுவத்திலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். "தப்பா நெனைக்காதீங்க அக்கா, எங்க ஊட்டுக்காரரு பயப்படுறாரு" என்றாள். மற்றவர்களும் ஆபீஸில் போய்ப் பேசுகிறார்களாம்.

எனக்கு வேண்டியது ஒரு பக்கம், உன் கையெழுத்தில். அன்று வண்டியில் நடந்தது நடந்தபடி. அவ்வளவுதான்.

ரஞ்சனி


குன்னூர்
22.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஸ்டாண்டுக்குத் தபால்காரர் வந்து என் பெயரைக் கூப்பிட்டபோது எல்லாரும் சிரித்தார்கள். கோர்ட்டிலிருந்தும் பைனான்ஸிலிருந்தும் தவிர எங்களுக்கு யார் கடிதம் போடுகிறார்கள்? நான்கூட நோட்டீஸ் என்றுதான் பயந்தேன். படித்த பிறகு நோட்டீஸே தேவலை என்று தோன்றியது.

சீசன் ஓடியது என்று யார் சொன்னது? மலை ஏற இ-பாஸ் வந்ததிலிருந்து பாதி வண்டி நின்றுகொண்டுதான் இருக்கிறது. வருகிறவர்களும் சொந்தக் காரில் வந்து சொந்தக் காரில் போகிறார்கள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு டீ குடிக்கிறோம்.

அக்கா, நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. இந்துவை நினைக்காத நாள் இல்லை. ஆனால் அன்று என்ன சொன்னேன், என்ன சொல்லவில்லை என்பது எனக்கே சரியாக ஞாபகம் இல்லை. கல்யாணக் களைப்பு. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் கூடலூர் வரைக்கும் நாங்களும் வருகிறோம் என்று கடைசி நேரத்தில் ஏறினார்கள். சம்பந்தி வீட்டு ஆட்களை எப்படி இறங்கு என்று சொல்வது? அந்த அவசரத்தில் ஏதோ சொல்லியிருப்பேன்.

மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு போவது என்ன புதுசா? இந்த மலையில் எந்த ஸ்டாண்டில் வேண்டுமானாலும் கேள். பெரியவர் ஒன்று, பள்ளிக்கூடப் பிள்ளை அரை, மடிக்குக் கணக்கில்லை. ஆள் எண்ணுகிற முறையே அதுதான். எனக்கு வண்டி பழக்கியவர் அப்படித்தான் எண்ணினார், நானும் அப்படித்தான் எண்ணுகிறேன். இருபது வருஷத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நமக்கு மட்டும் ஆகிவிட்டது. அதை விதி என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

நீ கேட்கிற கடிதத்தை எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? மச்சான் அதை மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவாரா? நேராக ஸ்டேஷனுக்குப் போவார். அன்று ஒன்று சொன்னாய், இன்று ஒன்று எழுதுகிறாய், எது பொய் என்று அவர்கள் கேட்பார்கள். லைசென்ஸ் போகும். வண்டி ஓட்டுவதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது. ஸ்டாண்டு செக்ரட்டரி சகாயத்திடம் பட்டும் படாமலும் கேட்டுப் பார்த்தேன். "ஏனுங்க விஜயன், தூங்குற நாயை எதுக்குங்க எழுப்புறீங்க?" என்றார்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. இரண்டு மாதம் பேசுவார்கள், பிறகு வேறு ஒன்று கிடைக்கும். மாமியும் பெற்ற தாயிடம் பிள்ளையைத் தராமல் எத்தனை நாள் இருப்பார்? கொஞ்சம் பொறுத்துக்கொள்.

பந்தலூர் பஸ் கண்டக்டரிடம் இந்துவுக்கு ஒரு பொம்மையும் ஊட்டி வர்க்கியும் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

உன் தம்பி
விஜயன்


பந்தலூர்
4.7.2024

விஜயனுக்கு,

உனக்கு ஞாபகம் இல்லையா? எனக்கு இருக்கிறது. எழுதுகிறேன்.

கோத்தகிரியில் வண்டியில் முதலில் ஏறியது நானும் இந்துவும்தான். நடு வரிசையில் ஜன்னலோரம் அவளைத் தனியாக உட்கார வைத்தேன். மேலேயிருந்து பெல்ட்டை இழுத்தேன், வந்தது. மாட்டுவதற்குக் கொக்கியைத் தேடினேன், இல்லை. நீ புதிதாகப் போட்டிருந்த அந்த மெரூன் சீட்டு கவர், மஞ்சள் தையலோடு. அந்த மடிப்புக்குள் கையை விட்டுத் துழாவினேன். துணிக்கு அடியில் கட்டியாகத் தட்டுப்பட்டது. வெளியே எடுக்க வழியில்லை, மேலே வைத்துத் தைத்திருந்தது. "விஜயா, இந்தக் கொக்கி எங்கடா?" என்று கேட்டேன். நீ பின்னால் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தாய். நீ சொன்ன பதில் இது:

"அது கவருக்குள்ள இருக்கும், விடுக்கா. ஆள் ஏறணும். புள்ளைய மடியில வச்சுக்க, மடிக்குக் கணக்கில்ல."

பெல்ட் போடச் சொன்னாயாம், நான் கேட்கவில்லையாம். போடச் சொல்லிக் கேட்டது நான். உன் வண்டியில் போடுவதற்குக் கொக்கியே இல்லை. இதுவும் ஞாபகம் இல்லை என்றால், உன் வண்டியில்தானே உட்கார்ந்து டீ குடிக்கிறாய், பின்னால் திரும்பிப் பார்.

கூட வந்த கூடலூர்க்காரர்களையும் கேட்டுப் பார்த்துவிட்டேன். "நாங்க பாட்டு கேட்டுக்கிட்டு வந்தோம், ஒண்ணும் காதுல விழல" என்கிறார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான் போலிருக்கிறது.

கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று எழுதியிருக்கிறாய். போன செவ்வாய்க்கிழமை கண் டாக்டரிடம் காட்டக் கோயமுத்தூர் போனோம். பஸ்ஸில் மாமி உட்கார்ந்து பிள்ளையை வைத்துக்கொண்டார். பக்கத்தில் இடம் இருந்தும் என்னை உட்காரச் சொல்லவில்லை. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடலூர் வரை நின்றேன். இந்து என்னைப் பார்த்து, "அம்மா, நீ ஏன் நிக்கிற?" என்று கேட்டாள். "கால் வலிக்கல கண்ணு" என்றேன். வலித்தது.

பிள்ளைமடுவத்திலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். இந்த மாதம் பதினைந்திலிருந்து இரண்டாம் டிவிஷனில் கொழுந்தெடுக்கப் போக வேண்டும். ஆபீசர் நல்ல மனுஷர்தான். "உங்க மேல எனக்கு சந்தேகம் இல்லம்மா, ஆனா தாய்மாருங்க ஒத்துக்கலையே" என்றார். பதினோரு வருஷம், விஜயா. ஒரு பிள்ளை தொட்டிலிலிருந்து விழுந்ததில்லை. பதில் எழுதினால் இனி எஸ்டேட் ஆபீஸுக்கு எழுது. தபால் பிரிக்கிற ரேணுகாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன், என் கையில் கொடுப்பாள்.

எனக்கு ஒரு விஷயம் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன், உன்னிடம்தான் சொல்ல முடியும். மாமி சொல்வது பொய் என்று எனக்கே உறுதியாகத் தெரியவில்லை. வண்டி முட்டியபோது அவள் என் கையில்தான் இருந்தாள். இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தேன். பிறகு இல்லை. எப்போது விட்டேன் என்று எத்தனை முறை யோசித்தாலும் தெரியவில்லை. ஒருவேளை இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தால் கண் இருந்திருக்குமோ என்னவோ. நீ செய்தது உனக்குத் தெரியும். நான் செய்தது எனக்குத் தெரியவில்லை. உன் கடிதம் எனக்கு எதற்கு வேண்டும் என்று இப்போதாவது புரிகிறதா?

ரஞ்சனி


பந்தலூர்
6.8.2024

விஜயனுக்கு,

ஒரு மாதம் ஆகிவிட்டது. பதில் இல்லை.

கண்டக்டரிடம் எதையும் கொடுத்தனுப்பாதே. இரண்டாவதாக வந்த சாவி கொடுத்தால் ஓடுகிற காரை மாமி அடுப்பில் போட்டுவிட்டார். பிளாஸ்டிக் எரிந்த நாற்றம் லயத்து வீடுகள் முழுவதும் அடித்தது. நாலு வீட்டுக்கு நான் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

இங்கே விடாத மழை. கொழுந்துக் கூடை தண்ணீரோடு சேர்ந்து கனக்கிறது.

ரஞ்சனி


குன்னூர்
27.8.2024

அக்காவுக்கு,

எழுதாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ இன்னும் திட்டுவாய். நாலு முறை எழுதிக் கிழித்தேன். எப்படி எழுதினாலும் கடைசியில் நான் யோக்கியன் என்றே வந்து முடிந்தது. இருபது வருஷம் வாயாலேயே பிழைத்த பழக்கம்.

போன வாரம் பெங்களூர்க் குடும்பம் ஒன்று வந்தது. புருஷன், பெண்டாட்டி, ஒன்றரை வயசுக் குழந்தை. கையில் பெரிய நாற்காலி மாதிரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், குழந்தைக்கான பேபி சீட். அதை வண்டி சீட்டில் வைத்துப் பெல்ட்டால் கட்ட வேண்டுமாம். அந்த ஆள் பெல்ட்டை இழுத்தார். பிறகு கவர் மடிப்புக்குள் கையை விட்டுத் தேடினார். "டிரைவர், லாக் எங்கே இருக்கு?" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது கவருக்குள்ள இருக்குமுங்க சார், விடுங்க. அம்மா மடியில வச்சுக்கட்டுமுங்க."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. உன் கடிதத்தைப் படித்தபோதுகூட, அக்கா கோபத்தில் கொஞ்சம் சேர்த்து எழுதுகிறாள் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை மாறவில்லை அக்கா. நான் தினமும் சொல்கிற வார்த்தை அது. தினமும் சொல்வதால்தான் ஞாபகம் இல்லை.

அவர்கள் ஏறவில்லை. அந்தப் பெண், "வேண்டாம், வேற வண்டி பாருங்க" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டாள். சண்டைகூடப் போடவில்லை. எனக்கு உன்மேல் கோபம் வந்தது. நீயும் அன்று அப்படி இறங்கிப் போயிருக்கலாமே என்று. பிறகு, எங்கே இறங்குவாய், நான் தம்பியாயிற்றே என்று தோன்றியது.

அன்றைக்கே பிளேடு வாங்கிக் கவரைக் கிழித்தேன். நடு வரிசையில் மூன்று, பின்னால் இரண்டு. எல்லாம் சட்டென்று மாட்டின. கம்பெனியிலிருந்து வந்தபடி புதுசாக இருந்தன. கடைசிக் கொக்கியைக் கிழித்து எடுத்தபோது, வண்டிக்குள்ளேயே அழுதேன். சகாயம் வந்து கண்ணாடியில் தட்டி, "சீட்டுல எலி பூந்துருச்சுங்களா?" என்று கேட்டார்.

இப்போது மடியில் பிள்ளை வைத்துக்கொண்டு ஏறினால் நான் வண்டியை எடுப்பதில்லை. பிள்ளையையும் ஒரு ஆளாக எண்ணுகிறேன். ஸ்டாண்டில் எனக்குச் 'சட்டத்துரை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வாடகை எல்லாம் வரிசையில் பின்னால் நிற்கிற வண்டிக்குப் போகிறது. போகட்டும்.

விஜயன்


பந்தலூர்
5.9.2024

விஜயனுக்கு,

கவரைக் கிழித்தாய், நல்லது. பெங்களூர்ப் பிள்ளைகள் பத்திரமாகப் போகட்டும்.

நான் கேட்டது கடிதம்.

இந்துவை மாமி சாயங்காலம் தின்பண்டம் வாங்கக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். கொழுந்தை எடை போட்டுவிட்டு வரும்போது எதிரே பார்ப்பேன். இப்போதெல்லாம் ஏதாவது வேண்டும் என்றால் இந்து அவரைத்தான் கேட்கிறாள். விழுந்தாலும் "ஆயா" என்றுதான் அழுகிறாள். முன்பு என்னைக் கூப்பிடுவாள்.

ரஞ்சனி


குன்னூர்
30.10.2024

அக்காவுக்கு,

இத்துடன் இருக்கும் தாளைத் தனியாக எடுத்து வைத்துக்கொள். நீ கேட்டது அது. இதன் நகல் ஒன்றை நான் முன்னமே கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுத்துவிட்டேன். அதனால் அதை யாரிடம் காட்டுவது, காட்டினால் எனக்கு என்ன ஆகும் என்று நீ யோசிக்க வேண்டியதில்லை. ஆக வேண்டியது ஆகிவிட்டது.

உன் கடைசிக் கடிதம் வந்த பிறகும் பத்து நாள் தள்ளிப்போட்டேன், அதை ஒளிக்கவில்லை. பிறகு ஸ்டேஷனுக்குப் போய் முதலில் சொன்னது பொய் என்று எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்து ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு அனுப்பினார்கள். "எட்டு மாசம் கழிச்சு எதுக்குய்யா வந்தே?" என்று அங்கே கேட்டார்கள். அக்கா கேட்டாள் என்றேன். லைசென்ஸை மூன்று மாதத்துக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதற்குமேல் என்ன என்று இன்னும் தெரியவில்லை. வண்டி ஷெட்டில் கிடக்கிறது. நான் மார்க்கெட்டில் கேரட் மூட்டை ஏற்றுகிறேன். முதுகு பிய்கிறது. நாற்பது வயசில் ஆரம்பிக்கிற வேலை இல்லை அது.

என்னைப் போன்றவர்களுக்கு இரண்டு நாள் வகுப்பு வைத்தார்கள். பாடம் எடுத்தது ஒரு அம்மா, வண்டி இன்ஸ்பெக்டர். மெலிந்த உடம்பு, குரல் மட்டும் ஃபாக்டரிச் சங்கு. அவர் சொன்னது: "பதினாலு வயசு முடியாத எந்தப் புள்ளையும் பெல்ட்டு இல்லாம, இல்ல அதுக்கேத்த சீட்டு இல்லாம வண்டியில போகக்கூடாது. டாக்ஸிக்கு விலக்கு கிடையாது. மடியில இருந்தாலும் தலை ஒண்ணுதான். கேள்வி பெத்தவள நோக்கி வராது. ஸ்டியரிங்கப் புடிச்சிருக்கிற உங்கள நோக்கித்தான் வரும்."

பிறகு என் பக்கத்தில் இருந்த கட்டுமஸ்தான லாரி டிரைவரை எழுந்திருக்கச் சொன்னார். "உங்க புள்ள பதினஞ்சு கிலோ. நாப்பதுல போற வண்டி செவுத்துல முட்டி நிக்குது. புடிச்சிருவீங்களா?" என்றார். அவர் புஜத்தைத் தட்டிக் காட்டி, "விடவே மாட்டேனுங்க" என்றார். எல்லாரும் சிரித்தோம். அந்த அம்மா சிரிக்கவில்லை. "அந்த நேரத்துல அது பதினஞ்சு கிலோ இல்ல. நூறு கிலோவுக்கு மேல இழுக்கும். அதுவும் கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள. கை விடாது, கையிலேருந்து புடுங்கிட்டுப் போகும். பயில்வானா இருந்தாலும் இதேதான்" என்றார்.

நான் அங்கேயே எழுந்து நின்றேன். இன்னொரு தடவை சொல்லுங்க மேடம் என்று கேட்டேன். சொன்னார். அதை நோட்டில் எழுதிக்கொண்டேன். அதைப் பார்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

நீ விடவில்லை அக்கா. எப்போது விட்டேன் என்று எழுதியிருந்தாயே, அப்படி ஒரு நேரமே இல்லை. நீ எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். அன்று அந்தக் கொக்கி வெளியே இருந்திருந்தால் நடந்திருக்காது. அதை உள்ளே வைத்துத் தைக்கச் சொன்னவன் நான். "லாக்கெல்லாம் துருத்திக்கிட்டு இருக்கே, உள்ள தள்ளிடட்டுங்களா?" என்று கவர் கடைக்காரர் கேட்டார். தள்ளுங்க, பார்க்க நீட்டா இருக்கும் என்றேன்.

இதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை.

விஜயன்

[இணைத்த தாள்]

குன்னூர் வாடகை வண்டி ஓட்டுநர் விஜயனாகிய நான் எழுதிக் கொடுப்பது. கடந்த ஜனவரியில் பைக்காரா அருகே நடந்த விபத்தின்போது என் வண்டியில் அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றியிருந்தேன். என் அக்கா ரஞ்சனி தன் நாலு வயது மகளைத் தனிச் சீட்டில் உட்கார வைத்து, பெல்ட் மாட்டும் கொக்கி எங்கே என்று என்னைக் கேட்டார். அது சீட்டு கவருக்குள் மறைந்திருந்தது. நான் அதை எடுத்துக் கொடுக்கவில்லை. ஆட்கள் ஏறுவதற்காகப் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னது நான். பெல்ட் போடச் சொல்லியும் அவர் கேட்கவில்லை என்று நான் முன்பு சொன்னது பொய். தவறு என்னுடையது. என் அக்காவுடையது இல்லை.

விஜயன்


பந்தலூர்
28.11.2024

விஜயனுக்கு,

உன் கடிதம் தீபாவளி கழித்து வந்தது. உடனே யாரிடமும் காட்டவில்லை. மூன்று நாள் கொழுந்துக் கூடைக்குள் பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்துக்கொண்டு மலை ஏறி இறங்கினேன். இத்தனை நாள் கேட்டது கையில் வந்தவுடன் பயமாக இருந்தது. படித்துக் காட்டியும் ஒன்றும் மாறாவிட்டால் பிறகு எதைக் கேட்பது?

ஞாயிற்றுக்கிழமை சோறு முடிந்ததும் மச்சானையும் மாமியையும் உட்கார வைத்து அந்தத் தாளைப் படித்தேன். மாமி வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். மச்சான் தாளை வாங்கி இரண்டு முறை தானே படித்தார். உன்னைத் திட்டுவார், சட்டையை மாட்டிக்கொண்டு குன்னூருக்குப் புறப்படுவார் என்று பயந்தேன். அவர் தாளை மடித்து என்னிடமே கொடுத்தார். "சரி, அவனும் ஒத்துக்கிட்டான். இனிமே நான் மனசுக்குள்ள யாரத் திட்டுறது?" என்று கேட்டார். என்னைத்தான் கேட்டார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ராத்திரி ஷிஃப்டு பார்த்த மனுஷன், உடனே தூங்கியும் போனார். அவரும் களைத்துத்தான் போயிருக்கிறார், விஜயா.

நூறு கிலோ என்று எழுதியிருந்ததை நான் யாருக்கும் படித்துக் காட்டவில்லை. அது எனக்கு. தினமும் ஒருமுறை படிக்கிறேன். நம்புகிற நாளும் உண்டு, நம்பாத நாளும் உண்டு.

ஒன்றை நானும் ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பெங்களூர்ப் பெண் மாதிரி நானும் இறங்கியிருக்கலாம் என்று எழுதியிருந்தாய். இறங்கியிருக்கலாம். பதினோரு வருஷம் ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள், மடிக்கும் சீட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவளா? சம்பந்தி வீட்டார் முன்னால் தம்பியை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று பேசாமல் ஏறி உட்கார்ந்தேன். சட்டம் உன்னைத்தான் கேட்கும். என்னை நானே கேட்டுக்கொள்கிறேன்.

வேலையைப் பற்றிக் கேட்பாய். உன் தாளை ஆபீசரிடம் காட்டினேன். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். பிள்ளைமடுவத்தில் வேறு ஒரு பெண் இருக்கிறாள், நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாள். சுசீலா வழியில் நிறுத்தி அழுதாள். நான் அழவில்லை, கூடை முதுகில் இருந்தது.

உன்மேல் கோபம் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. ஆனாலும் வா. பொங்கலுக்கு முன்னால் ஒரு ஞாயிறு பார்த்து வா. மச்சான் உன்னோடு பேச மாட்டார், அதைப் பொறுத்துக்கொள். இந்து உன்னைக் கேட்கிறாள். அவள் யாரையும் குற்றம் சொல்லவில்லை. இடது பக்கமிருந்து வந்தால் அவளுக்குத் தெரியாது, பயந்துவிடுவாள். வலது பக்கமாக வந்து கூப்பிடு.

தாளைப் படித்துக் காட்டிய மறுநாள் காலையில் நடந்தது இது. நான் அடுப்படியில் பலகை போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். மாமி பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். "இந்தா, ஒம் புள்ள" என்று என் மடியில் உட்கார வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போய்விட்டார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நான் வைத்திருந்த கனம் இது இல்லை. கால் இரண்டும் மடியில் அடங்காமல் தரையில் கிடந்தன. முன்பெல்லாம் தலை என் தாடைக்குக் கீழே வந்து பொருந்தும், இப்போது இடித்தது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள், பாவம். பிறகு நெளிந்துகொண்டே, "எறக்கி விடும்மா, நான் பெரிய புள்ள" என்றாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வெளியே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இறக்கி விட்டேன், ஓடிவிட்டாள்.

பத்து மாதம் ஆகிவிட்டது, விஜயா. மடியில் உட்காருகிற வயசு அதற்குள் முடிந்துவிட்டது.

ரஞ்சனி